பத்து லட்சம் கிரகங்களுக்குப் பத்து லட்சம் வீரர்கள் போதுமா?

வார்ஹாமர் 40,000 என்னும் மேசைப் போர் விளையாட்டின் கதையில் பல இடங்களில் லாஜிக் இடிக்கிறது என்று எழுதி, மூன்று உதாரணங்களைக் கொடுத்திருக்கிறீர்கள். பத்து லட்சம் கிரகங்களைக் கட்டியாளும் பேரரசில் ஸ்பேஸ் மரீன் எனப்படும் உயர்படை வீரர்கள் மொத்தமே பத்து லட்சம் பேர்தான். விண்கப்பலில் இருந்தபடியே ஒரு நகரத்தை அழிக்கக் கூடியவர்கள் தரையில் இறங்கி வாளெடுத்துச் சண்டையிடுகிறார்கள். பத்தாயிரம் ஆண்டுகளாகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்காத சமூகத்தில் 2017-இல் திடீரென்று புதிய, பெரிய வீரர்கள் வந்து நிற்கிறார்கள். மதுரையில் நண்பர்கள் மூவரோடு தொடர் ஆட்டம் ஒன்றைத் தொடங்கவிருப்பதாகவும், இந்த ஓட்டைகளை அடைத்துவிட்டுத் தொடங்குவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஓட்டைகள் இருப்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. எந்த ஓட்டையின் வழியாகக் கதை ஒழுகிப் போகும், எதை அப்படியே விட்டுவைத்தாலும் கேடில்லை என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது.

நான் ராணுவத்தின் ஆர்மி சர்வீஸ் கோர் என்னும் சப்ளைப் பிரிவில் 24 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது திருமங்கலத்தில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மாடியில் ஆறடிக்கு நான்கடி பிளைவுட் பலகையைப் போட்டு, அக்கம்பக்கத்து இளைஞர்களோடு இந்த விளையாட்டைப் பதினொரு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். நான் காலாட்படைக்காரன் அல்லன்; எனவே சண்டையைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டறிந்த செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படைக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் எப்படி வந்து சேர்கின்றன, வராவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில், ஓட்டை என்றே கணக்கில் வைக்க வேண்டாதவற்றை ஒதுக்கிவிடலாம். இந்த விளையாட்டின் மனித உருவங்கள் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. சராசரி மனிதனோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்கு. மரீன் கையில் இருக்கும் போல்ட்கன் 24 அங்குலம் வரை சுடும் என்பது விதி. அதை அறுபதால் பெருக்கினால் 1,440 அங்குலம், அதாவது 120 அடி வருகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் பொற்றாமரைக் குளம் 165 அடி நீளமும் 120 அடி அகலமும் கொண்டது. ஆக, நாற்பதாயிரமாம் ஆண்டின் தலைசிறந்த வீரன் குளத்தின் அகலவாட்டில் இக்கரையில் நின்று சுட்டால், அவனுடைய குண்டு அக்கரைப் படியோடு நின்றுவிட வேண்டும். எங்கள் கையில் இருந்த இன்சாஸ் துப்பாக்கியே 400 மீட்டர் வரை பயன் தரும். இது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1984-இல் வெளிவந்த பேட்டில்டெக் விளையாட்டிலும் இதே நிலைதான். அங்கே பலகையின் ஒரு கட்டம் 30 மீட்டர். நெடுந்தூர ஏவுகணை என்று பெயர் பெற்றது 21 கட்டம், அதாவது 630 மீட்டர் மட்டுமே போகிறது. இவை எல்லாம் மேசையின் அளவால் வந்த குறுக்கங்கள். உண்மைத் தூரத்தை வைத்தால் நீங்கள் மேசைக்குப் பதில் தெருவில்தான் ஆட வேண்டியிருக்கும். நம் ஊர்ப் பக்கம் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகத்தில் நடிகர் மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் காட்டைக் கடந்துவிட்டார் என்று பொருள். பாயில் உட்கார்ந்திருக்கும் யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை. மேசையின் தூரத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி உங்கள் முதல் உதாரணத்துக்கு வருகிறேன். மரீன்களின் படைப்பிரிவான சாப்டர் ஒன்றுக்கு ஆயிரம் வீரர்கள், ஏறத்தாழ ஆயிரம் சாப்டர்கள் என்பது இந்தக் கதையின் நெடுநாளைய கணக்கு. பெருக்கினால் பத்து லட்சம், கிரகத்துக்கு ஒருவர். இந்தியத் தரைப்படையின் எண்ணிக்கையே இதைவிடக் கூடுதல். கேட்டவுடன் சிரிப்பு வருவது இயல்பு என்றாலும், இந்த எண்ணை நான் ஓட்டையாகக் கருதவில்லை. பேரரசு என்பது எல்லா இடத்திலும் தன் சொந்த வீரனை நிறுத்தி வைப்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். மதுரைக் கோட்டையில் இருந்த 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் காவலில் விடப்பட்டது. பாளையத்தில் வரி வாங்குவதும், காவல் பார்ப்பதும், ஆள் திரட்டி வைப்பதும் பாளையக்காரரின் பொறுப்பு. நாயக்கர் அழைக்கும்போது படையோடு வந்து நின்றால் போதும். வார்ஹாமர் கதையிலும் ஒவ்வொரு கிரகமும் தனக்கென்று ஒரு காவல் படையை வைத்திருக்கிறது. பேரரசுக்குத் திறையாக ஆட்களையும் பொருளையும் அனுப்புகிறது. அப்படித் திறையாக வந்தவர்களைக் கொண்டு அமைந்த சாதாரணப் படையின் எண்ணிக்கைக்கு அளவே சொல்லப்படுவதில்லை. மரீன்கள் அதற்கும் மேலே, அரிதாக வந்து இறங்குகிறவர்கள். தொலைவைப் பற்றியும் இதையே சொல்லலாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த சென்னையை, 1748-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கை ஆங்கிலேயருக்குத் திருப்பிக் கொடுத்தது. ஊர் உண்மையில் கைமாறியது 1749-இல். கப்பலில் ஒரு கடிதம் வந்து சேர மாதக்கணக்கில் ஆன அந்தக் காலத்தில் இங்கிருந்த தளபதிகள் மேலிடத்தைக் கேட்டுக்கொண்டு போரிடவில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒளியே ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள் பயணம் செய்ய வேண்டிய பால்வீதியில், செய்தி எப்போது வரும் என்று உறுதி இல்லாத ஒரு பேரரசு இப்படித்தான் தளர்ந்த கட்டுமானமாக இருக்க முடியும்.

அப்படியானால் இந்த எண்ணில் எதுவுமே இடிக்கவில்லையா என்றால், இடிக்கிறது. ஆனால் நீங்கள் காட்டிய இடத்தில் இல்லை. ஒரு பொருள் அரிது என்று சொன்ன கதை, அதை அரிதாகவே கையாள வேண்டும். ஆயிரம் பேர் கொண்ட ஒரு சாப்டரில் ஒரே போரில் முந்நூறு பேர் மடிந்தால், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அந்தச் சாப்டர் எழுந்து நிற்கவே திணற வேண்டும். ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்து, பல அறுவை சிகிச்சைகள் செய்து, பயிற்சி கொடுத்து மரீனாக ஆக்குவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று அதே கதைதான் சொல்கிறது. ஆனால் கதைப் புத்தகத்தின் ஒரு தொகுதியில் பாதிப் பேரை இழந்த சாப்டர், அடுத்த தொகுதியில் முழுப் பலத்தோடு வந்து நிற்பதைப் பார்க்கிறோம். விற்பனைக்கு வந்திருக்கும் புதிய உருவங்களைப் படத்தில் காட்ட வேண்டியிருக்கிறது என்ற காரணம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அந்த இடத்தில் மனம் ஒப்புவதில்லை. ஆயிரம் என்று எழுதிய கையே அந்த ஆயிரத்தை மதிக்காமல் விட்டதுதான் இந்தக் கதையின் உண்மையான ஓட்டை என்று நான் நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு லடாக்கில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலை பதினோராயிரம் அடிக்கும் மேலான சோஜி லா கணவாய் வழியாகப் போகிறது. நான் அங்கே இருந்த நாட்களில் நவம்பர் வாக்கில் பனி விழுந்து கணவாய் மூடினால், மறுபடி திறக்க ஏப்ரலோ மே மாதமோ ஆகிவிடும். அந்த இடைவெளி முழுவதற்கும் வேண்டிய ஆட்டா, அரிசி, பருப்பு, டின் உணவு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கோடையிலேயே லாரி லாரியாக ஏற்றிக் குவித்துவிட வேண்டும். ஜெரிக்கேன்களை வரிசை வரிசையாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி, அடுக்கு ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் எழுதுவோம். காலையில் நான் செய்யும் முதல் வேலை அந்த எண்களை லெட்ஜரோடு ஒத்துப் பார்ப்பதுதான். உருளைக்கிழங்கு உறைந்துவிட்டால் இளகும்போது கறுத்துப் போகும். அந்த மூட்டை கணக்கில் இருந்தாலும் அடுப்படிக்கு உதவாது. அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்புக்கு இன்று இரண்டு லிட்டர் கூடுதலாகக் கொடுத்தால் மார்ச் மாதத்தில் யாரோ ஒருவர் குளிரில் உட்கார வேண்டியிருக்கும் என்பது அந்த லெட்ஜரைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். குறைவு என்பது அங்கே பேச்சளவில் இல்லை. அதிகாரி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அதுதான் வளைத்தது. மதுரையின் வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். கான்சாகிபு எனப்பட்ட யூசுப் கான் ஆங்கிலேயருக்கு எதிராகக் காத்து நின்ற மதுரைக் கோட்டை நேரடித் தாக்குதலுக்குப் பணியவில்லை; முற்றுகை நீண்டு உள்ளே உணவு அற்றுப்போன நிலையில், உடன் இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். பீரங்கியின் எடையை நாம் மறந்துவிடலாம். பசியால் ஒரு படை எப்படி மாறியது என்பதைக் கேட்டவர் மறப்பதில்லை.

இரண்டாவது உதாரணம், விண்ணிலிருந்து அழிக்காமல் ஏன் தரையில் இறங்குகிறார்கள் என்பது. இயற்பியல் முழுக்க உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபட நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மிகத் தொலைவிலிருந்து விழும் பொருளும், காற்றின் தடையை விட்டுவிட்டால், குறைந்தது அதே வேகத்தில் தரையை மோதும். அந்த வேகத்தில் வரும் ஒரு கிலோ இரும்பிடம் 15 கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்கு இணையான ஆற்றல் இருக்கும். வெடிமருந்தே வேண்டாம், கல்லைத் தள்ளிவிட்டாலே போதும் என்ற நிலை. ஆகவே மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அழிப்பது மிக எளிது என்பது உறுதி. ஆனால் அழிப்பதற்காகத்தான் வந்தானா என்பது வேறு கேள்வி. நம் புறத்திணை இலக்கணம் போரைப் பகுத்திருக்கும் விதம் இந்த இடத்தில் எனக்கு மிகவும் உதவியது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மண்ணாசையால் படையெடுத்தால் வஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை, வலிமையை நிலைநாட்ட நேருக்கு நேர் பொருதால் தும்பை. என்ன ஆயுதம் என்று கேட்பதற்கு முன் எதற்காகப் போர் என்று கேட்கிற இலக்கணம் அது. ஆநிரை கவரப் போனவன் தொழுவத்துக்குத் தீ வைக்க மாட்டான். திறை செலுத்திக்கொண்டிருந்த கிரகத்தை மீட்க வந்த படை, அதன் ஆலைகளையும் மக்களையும் சாம்பலாக்கினால் திறை யாரிடம் வாங்குவது? கிரகத்தையே அழித்துவிடும் ஆணை ஒன்றும் வார்ஹாமர் கதையில் உண்டு; எக்ஸ்டெர்மினாட்டஸ் என்று அதற்குப் பெயர். மீட்க வழியே இல்லை என்று முடிவான பிறகு இடப்படுவது அது. ஆகவே உங்கள் தொடர் ஆட்டத்தில் ஒவ்வொரு போருக்கும் திணை என்ன என்று முதலில் எழுதிவிட்டால், இந்தக் கேள்வி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். யாருமே எதையும் விரும்பாத ஒரு வெற்றுப் பாறைக்காக இரண்டு படைகள் தரையில் மடிவதாக எழுதினால் மட்டும் அடங்காது.

வாளைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 1999 கார்கில் போரிலேயே சிகரங்களின் மேல் கடைசிச் சில அடிகளில் கைகலப்பு நடந்தது என்பது எல்லோரும் அறிந்தது. பதுங்கு குழியில் இருப்பவனை வெளியேற்ற யாராவது ஒருவர் அதற்குள் போய்த்தான் ஆக வேண்டும். அதற்காக ஒரு படை முழுவதும் இரம்பம் பொருத்திய வாளை ஏந்தி வருவது நம்பத் தகுந்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். அதை நான் மன்னர் வேடத்துக்குக் கட்டும் கிரீடத்தைப் போல எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது உதாரணத்தில்தான் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். 2017-இல் வந்த பிரைமாரிஸ் மரீன்களுக்குக் கதை சொல்லும் காரணம், கால் என்னும் தொழில்நுட்பக் குரு ஒருவர் பத்தாயிரம் ஆண்டுகள் மறைவாக உழைத்து அவர்களை உருவாக்கி வைத்திருந்தார் என்பது. உருவங்களைப் பெரிதாகவும் நேர்த்தியாகவும் வடிக்க வேண்டும் என்ற தேவை விளையாட்டை விற்கும் நிறுவனத்துக்கு இருந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் 1987-இல் தொடங்கிய இந்தக் கதையின் உயிர்நாடியே, அறிவு மறந்துபோன ஒரு நாகரிகம் பழைய இயந்திரங்களைக் கும்பிட்டுக்கொண்டு மெல்லத் தேய்கிறது என்பதுதான். அந்தத் தேய்வைத் தீர்க்கும் மருந்து கிடங்கில் இத்தனை காலமும் இருந்தது என்றால், அதுவரை செத்தவர்களின் சாவுக்கு எடை குறைந்துவிடுகிறது.

பழைய கதையைப் பின்னாளில் மாற்றி எழுதுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதை மிக அழகாகச் செய்த ஊர் நம் ஊர். மீனாட்சி திருக்கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்தது என்றும், அழகர் தேனூரில் வைகையில் இறங்கி வந்தார் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில் இரண்டும் சித்திரையில் மதுரையில் இணைக்கப்பட்டன என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. கோயில் மரபில் அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தருவதற்கு. இரண்டு விழாக்கள் அடுத்தடுத்து வந்து நின்றபோது மக்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: அண்ணன் வந்து சேர்வதற்குள் தங்கையின் கல்யாணம் முடிந்துவிட்டதே! அந்த இடைவெளியை அவர்கள் மூடி மறைக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு புறப்பட்ட அண்ணன், வைகைக்கு வந்ததும் செய்தி கேட்டு, ஊருக்குள் வராமலே மனத்தாங்கலோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்று சொன்னார்கள். நான் சிறுவனாக என் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து ஆற்றுக்குள் பார்த்தபோது, குதிரை வாகனம் திரும்பிய நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "பாவம், பார்க்காமலே போறாரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது. இரண்டு நாட்காட்டிகள் ஒட்டிய தையலில் ஓர் அண்ணனின் ஏமாற்றத்தை வைத்தார்கள். ஒட்டுப்போட்டது யாருக்கும் உறுத்தவில்லை. வார்ஹாமரிலும் இப்படி நன்றாக ஒட்டியது ஒன்று உண்டு. நெக்ரான்கள் என்னும் உலோக உடல் கொண்டவர்கள் 2002-இல் நட்சத்திரக் கடவுள்களுக்கு ஊழியம் செய்யும் மனமற்ற கூட்டமாகச் சொல்லப்பட்டார்கள். 2011-இல் அதை மாற்றி, அந்தக் கடவுள்களை நம்பித் தங்கள் உடலையும் ஆன்மாவையும் இழந்து, பின்பு அவர்களையே எதிர்த்து உடைத்த அரச குலங்கள் என்று எழுதினார்கள். முன்னைய மர்மம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. என் கருத்தில் மாற்றம் கதையை ஆழமாக்கியது, ஏனெனில் அது அவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாத ஒன்றைப் பறித்தது. பிரைமாரிஸ் கதை எல்லோருக்கும் கொடுத்தது. யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் ஆட்டத்துக்கு என் யோசனை இது. துப்பாக்கியின் தூரத்தையும் வாளையும் தொடாதீர்கள். சாப்டரின் எண்ணிக்கையை ஆயிரம் என்றே வைத்து, உங்கள் கிரகத்துக்கு வந்தவர்கள் எண்பது பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இறந்தவர்களை அடித்து எழுதுங்கள், தொடர் முடியும்வரை புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். பிரைமாரிஸ் உருவங்களை வைத்துத்தான் ஆடுகிறீர்கள் என்றால், அவர்கள் வந்ததால் பழைய வீரர்கள் எதை இழந்தார்கள் என்பதை முதல் ஆட்டத்திலேயே காட்டிவிடுங்கள். சென்ற ஆண்டு எங்கள் மாடியில் நடந்த தொடரில் எரிபொருளையும் இப்படி நோட்டில் வைத்திருந்தேன். மூன்றாவது ஞாயிறன்று ஒரு தம்பியின் டாங்கி எரிபொருள் இல்லாமல் பலகையின் நடுவில் நின்றுவிட்டது. அவன் அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனான். பிறகு வேண்டாம் என்று அங்கேயே விட்டு, தன் காலாட்களை அதன் பின்னால் மறைத்து வைத்தான். அடுத்த நான்கு வாரமும் டாங்கி அதே இடத்தில் நின்றது. எதிரணிக்காரர்களும் அதைச் சுற்றித்தான் போனார்கள். அந்த நான்கு வாரத்தில் லாஜிக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நோட்டைத் தொடங்கும் முன், உங்கள் கிரகத்துக்கு வரும் வழி எத்தனை மாதம் மூடியிருக்கும் என்பதை நால்வரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதை எழுதி அனுப்பினால், எண்பது பேருக்கு அத்தனை மாதத்துக்கு எவ்வளவு உணவும் எரிபொருளும் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.